அம்புக்குறியின் எண்ணும் வடிவும்

மொழியியலும் இலக்கணமும் பயில்வோர் நாள்தோறும் எழுதும் குறிகளுள் அம்புக்குறி ஒன்று. 'மரம் + வேர் → மரவேர்' என எழுதும்போது, நிலைமொழி ஈற்று மகரம் கெட்டு இரு சொற்களும் ஒருசொல் நீர்மைப்பட்டன என்னும் செய்தி முழுவதையும் அக்குறி ஒன்றே சுமந்து நிற்கிறது. 1957இல் சாம்ஸ்கி வெளியிட்ட தொடரியல் நூலில், வாக்கியத்தைப் பெயர்த்தொடர் எனவும் வினைத்தொடர் எனவும் பகுத்தெழுதும் விதிகள் அம்புக்குறியைக் கொண்டே அமைந்தன. அந்நெறியைப் பின்பற்றிய தமிழ் ஆய்வேடுகளிலும் அக்குறி நிலைபெற்றது. வரலாற்று மொழியியலார் இதன் உறவினதாகிய '>' என்னும் குறியைக் கையாள்வர். முன்னுயிர்களின் முன் ககரம் சகரமாயிற்று என்பதனைக் 'க > ச' என்று எழுதிவிட்டால், கன்னடத்துக் 'கிவி'க்கும் தமிழ்ச் 'செவி'க்கும் உள்ள உறவு ஒரு கீற்றில் விளங்கிவிடும்.

அம்புக்குறியை வினைமுற்று இல்லாத வாக்கியம் எனலாம். 'கட்டுமரம் → கேட்டமரான்' என்பது தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது என்னும் கூற்று. அம்பைத் திருப்பிவிட்டால் ஆங்கிலேயரிடமிருந்து நம் பரதவர் அச்சொல்லைக் கற்றுக்கொண்டனர் என்றாகிவிடும். 'மீன் → மீன' என்பது திராவிடச் சொல் வடமொழிக்குச் சென்றது என்பதாம். பரோ, எமனோ ஆகியோர் கருத்து இதுவே. அம்பு திரும்பினால் அவர்கள் கருத்துக்கு நேர்மாறான கருத்து அவர்கள் பெயரிலேயே அச்சேறும். கடன்சொற்கள் பற்றி நம்மிடையே நிகழும் வழக்குகளில் பெரும்பாலானவை, அம்பு எப்பக்கம் நோக்குகிறது என்பதைப் பற்றிய வழக்குகளே.

இத்துணைப் பொறுப்புடைய குறி கணிப்பொறியில் ஏறியபின் என்னவாகிறது என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சுக்கோப்பவர் பெட்டியில் ஈயத்தில் வார்த்த அம்பு இருந்தது. அதை எங்கு எடுத்துச் சென்றாலும் அது அம்பாகவே இருந்தது. கணிப்பொறியிலோ அம்பு என்றொரு பொருள் இல்லை. ஓர் எண் உண்டு. அவ்வெண்ணுக்குரிய வடிவம் வேறோர் இடத்தில் உண்டு. இரண்டும் பொருந்தும்வரை நாம் அம்பைக் காண்கிறோம். பொருந்தாவிடத்து நாம் காண்பது எதுவாகவும் இருக்கலாம். அவ்விரண்டின் உறவை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

எழுத்து வேறு, வடிவு வேறு

இக்கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ஒலிவடிவம், வரிவடிவம் என எழுத்தை இருநிலையில் வைத்து எண்ணுவது நம் இலக்கண மரபு. கல்வெட்டில் ஒருவாறும் ஓலையில் ஒருவாறும் அச்சில் ஒருவாறும் ககரத்தின் வரிவடிவம் மாறியபோதும் ககரம் ககரமாகவே நின்றது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய தும்பிக்கை வடிவம் நீங்கியது. வடிவுதான் நீங்கிற்று, எழுத்து நீங்கவில்லை. 'மலை' என்னும் சொல் அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் ஒரே சொல்.

கணிப்பொறி இப்பாகுபாட்டை இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்கிறது. அதன் நினைவகத்தில் எழுத்துக்கு உருவமே இல்லை, எண் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாட்டைக் குறிமுறை என்பர். அவ்வெழுத்தைத் திரையில் எவ்வாறு வரைவது என்பதைக் கூறும் கோப்பினை எழுத்துரு என்பர். நாம் அம்பைத் தட்டச்சிடும்போது எண் பதிவாகிறது. படிக்கும்போது எழுத்துரு அதற்கு உடல் கொடுக்கிறது. எழுதியவர் கணிப்பொறியிலும் படிப்பவர் கணிப்பொறியிலும் ஒரே குறிமுறையும் தக்க எழுத்துருவும் இருந்தாலன்றி அம்பு அம்பாக வந்து சேராது.

இடம் இழந்த அம்பு

1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற 'ஆஸ்கி' என்னும் குறிமுறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் இயந்திரக் கட்டளைகளுக்கும் அவற்றையே பங்கிட வேண்டியிருந்தது. அந்நெருக்கடியிலும் இரண்டு அம்புகள் இடம்பெற்றிருந்தன: 94ஆம் இடத்தில் மேல்நோக்கிய ↑, 95ஆம் இடத்தில் இடம்நோக்கிய ←. நாம் மிகுதியும் பயன்படுத்தும் வலப்பக்க அம்புக்கு இடமில்லை. அவ்விரண்டும்கூட நீடிக்கவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 94ஆம் இடம் '^' என்னும் கூரைக்குறிக்கும், 95ஆம் இடம் '_' என்னும் அடிக்கோட்டுக்கும் அளிக்கப்பெற்றன. இன்று மின்னஞ்சல் முகவரிகளில் பலர் இடும் அடிக்கோடு, ஒரு காலத்தில் அம்பு அமர்ந்திருந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறது.

இம்மாற்றத்தையும் நம் 1978ஆம் ஆண்டு மாற்றத்தையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். நம் மாற்றத்தில் எழுத்து நிலைக்க, வடிவு மாறியது. ஆஸ்கியில் எண் நிலைக்க, எழுத்தே மாறியது. முன்னையதால் பழைய நூல்கள் படிக்க முடியாதவை ஆகவில்லை. பின்னையதால் பழைய கோப்புகள் பொருள் மாறின. 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான 'ஸ்மால்டாக்' என்னும் நிரல்மொழியில், ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுக்க ← பயன்பட்டது. அக்கோப்புகளைப் புதிய குறிமுறையில் திறந்தபோது அம்பு நின்ற இடமெல்லாம் அடிக்கோடு நின்றது. கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது இடங்கள் 256 ஆயின. அம்புகள் திரும்பி வந்தன. ஆனால் வந்து அமர்ந்த இடம் வினோதமானது. ஆஸ்கியில் 0 முதல் 31 வரையுள்ள எண்கள் எழுத்துகளுக்கு உரியனவல்ல. அவை கட்டளைகள். 7 என்றால் மணி அடிக்க வேண்டும். 10 என்றால் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். இந்தக் கட்டளை எண்களுக்கும் ஐ.பி.எம். படங்களை வைத்தது. 24 மேலம்பு, 25 கீழம்பு, 26 வலவம்பு, 27 இடவம்பு. ஆக, ஒரே எண்ணுக்கு இரு பணிகள் ஏற்பட்டன. 26 என்பது 'டாஸ்' இயங்குதளத்தில் உரை முடிந்தது என்பதற்கும் அடையாளம். ஒருவர் தம் கோப்பில் எப்படியோ 26ஐ அம்பாக எழுதி வைத்து, பின்னர் 'டைப்' என்னும் கட்டளையால் அக்கோப்பைத் திரையில் காட்டச் சொன்னால், அம்பு வரை வந்து உரை நின்றுவிடும். மிகுதி உரை வட்டில் இருக்கும், திரைக்கு வராது. 'மேலும் படிக்க' என்னும் பொருளில் இட்ட குறியே 'இத்துடன் முற்றும்' என்று பொருள்பட்டது.

வேடமிட்ட எழுத்துகள்

1990களில் நம் நாட்டில் மேசைப் பதிப்பு பரவியபோது வேறொரு வழி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு ஆய்வேடுகள் பெரிதும் அல்லற்பட்டது இவ்வழியால்தான்; ஆதலின் சற்று விரிவாகக் காண்போம்.

குறிமுறையில் அம்புக்கு எண் இல்லை. ஆனால் வேறோர் எழுத்துக்குரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு அம்பின் வடிவைத் தரும் எழுத்துரு ஒன்றைச் செய்துவிடலாம் அல்லவா? 'சிம்பல்' என்னும் எழுத்துருவில் 172 முதல் 175 வரை இடம், மேல், வலம், கீழ் என நான்கு அம்புகள் உள்ளன. வலவம்பின் எண் 174. அதே 174 சாதாரண ஆங்கில எழுத்துருவில், வட்டத்துள் ஓர் ஆங்கில எழுத்தை உடைய, பதிவு பெற்ற வணிகச்சின்னத்தின் குறி. சார்லஸ் பிகலோ, கிரிஸ் ஹோம்ஸ் ஆகியோர் வடிவமைத்து, 1992இல் விண்டோஸ் 3.1 பதிப்புடன் வந்த 'விங்டிங்ஸ்' எழுத்துருவிலும் அம்புகள் உண்டு. அங்கே வலவம்பின் எண் 224. சாதாரண எழுத்துருவில் அது தலையில் சாய்கோடு தாங்கிய 'ஏ' என்னும் பிரெஞ்சு எழுத்து. 'வேர்டு' மென்பொருளில் இரண்டு சிறுகோடும் ஒரு '>' குறியும் இட்டால் அழகிய அம்பாக மாறுவதைப் பலர் கண்டிருப்பர். அது விங்டிங்ஸின் 224. அக்கடிதம் எழுத்துருத் தகவலை இழந்து மின்னஞ்சலில் சென்றபோது, பெற்றவர் கண்டது அந்தப் பிரெஞ்சு எழுத்தைத்தான். கருத்துக்கும் கருத்துக்கும் இடையே இவ்வெழுத்து ஏன் வருகிறது என்று வியந்தோர் பலர்.

தமிழ் எழுத்துருக்களும் இவ்வேடத்தையே போட்டன. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமக்கு வேண்டியவாறு வைத்தமையால், ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் பகரம் வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் 'தாம்', 'தாப்' என்னும் தரக் குறிமுறைகள் வகுக்கப்பெற்றது இக்குழப்பத்தைக் குறைக்கவே. அவையும் 256 இடங்களுக்குள் அடங்கியவை. எண்ணுக்கு வேறு வேடமிடும் வழி மாறவில்லை.

இனி ஓர் ஆய்வேட்டுப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் ஒரு தமிழ் எழுத்துருவில், மேற்கோள் ஆங்கிலம் வேறோர் எழுத்துருவில், அம்புகள் சிம்பலில். கணிப்பொறிக்கு மூன்றும் வெறும் எண்கள். எந்த எண் எந்த எழுத்துருவுக்குரியது என்னும் குறிப்பு மட்டும் தனியே இருக்கும். தட்டச்சு செய்பவர் உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'எழுத்துருவை மாற்று' என்று ஒருமுறை அழுத்தினால் அக்குறிப்பு அழிந்துவிடும். அதன்பின் 174 என்பது தமிழ் எழுத்துருவில் 174ஆம் இடத்தில் எது உள்ளதோ அதுவாகத் தோன்றும்.

புணரியல் பற்றிய ஓர் ஆய்வேட்டைப் படிக்க நேர்ந்தபோது இதனைக் கண்ணாரக் கண்டேன். அம்பு இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் ஒரு தமிழ் உயிர்மெய் நின்றது. வணிகச்சின்னம் நின்றிருந்தால் எவரும் பிழை என்று உடனே உணர்வர். உயிர்மெய் நின்றமையால் அது வருமொழியின் முதலெழுத்துப் போலவே காட்சி தந்தது. புணர்ச்சியின் விளைவாக ஓர் எழுத்துத் தோன்றிற்று என்று ஆய்வாளர் கூறுவதாகப் பொருள்பட்டது. ஆய்வு மாணவியோ தம் கைப்படியில் ஒவ்வோர் அம்பையும் அளவுகோல் வைத்து வரைந்திருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட அந்த இடங்களை அவர் மீண்டும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று.

பழைய கோப்புகளைப் புதிய குறிமுறைக்கு மாற்றும் கருவிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் எளிய கருவிகள் எழுத்துருக் குறிப்பைப் பார்ப்பதில்லை. எல்லா எண்களையும் தமிழ் என்றே கொண்டு மாற்றுகின்றன. வேடமிட்டிருந்த அம்பு அப்போது வேடத்தையே உடலாகப் பெற்று, மெய்யான தமிழ் எழுத்தாகிவிடுகிறது. அதன்பின் எந்த எழுத்துருவை இட்டாலும் அம்பு திரும்பாது. 1990களின் ஆய்வேடுகளை மின்வடிவில் காக்க முனைவோர் அஞ்சத்தக்கது இதுவே என்பது என் கருத்து.

8594

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் என்னும் கொள்கையுடையது. தமிழுக்கு அதில் ஒரு பகுதி அமைந்தது. அம்புகளுக்கும் ஒரு பகுதி அமைந்தது. இன்று 112 இடங்களைக் கொண்ட அப்பகுதி, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 2190 என்பதில் தொடங்குகிறது. 2190 இடவம்பு, 2191 மேலம்பு, 2192 வலவம்பு, 2193 கீழம்பு. நாம் வழங்கும் பதின்ம எண்ணில் வலவம்பு 8594. இவ்வெண் வேறெந்த எழுத்துக்கும் உரியதன்று. வேறெந்த எண்ணும் இந்த அம்புக்கு உரியதன்று. 2002இலும் 2014இலும் மேலும் பல அம்புகள் சேர்ந்தன. பின்னையதில் விங்டிங்ஸ் எழுத்துருவின் குறிகளும் தமக்கென எண் பெற்றன. வேடம் கலைந்து சொந்தப் பெயர் பெற அவற்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

8594 என்னும் எண்ணை 256க்குள் அடங்கும் ஒரு பைட்டில் வைக்க இயலாது. அதனை மூன்று பைட்டுகளாகப் பகுத்து எழுதும் முறையை 1992இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவர் வகுத்தனர். 'யூடிஎப்-8' எனப்படும் அம்முறையின் கணக்கு எளியது. 8594ஐ 4096ஆல் வகுக்க ஈவு 2, மீதி 402. மீதியை 64ஆல் வகுக்க ஈவு 6, மீதி 18. இவ்வாறு கிடைத்த 2, 6, 18 ஆகியவற்றுள் முதலாவதுடன் 224ஐயும் மற்ற இரண்டுடன் 128ஐயும் கூட்ட வேண்டும். 226, 134, 146 என்னும் மூன்று எண்கள் கிடைக்கும். கோப்பில் அம்பு என்பது இம்மூன்றே. 224க்குக் குறையாத எண்ணைக் கண்டதும் 'இது மூவெண் தொகுதியின் தலை' எனவும், 128 முதல் 191 வரையுள்ளதைக் கண்டதும் 'இது தொடர்ச்சி' எனவும் கணிப்பொறி அறியும். தொகுதி நடுவில் அறுந்தாலும் அடுத்த தலையைக் கண்டு மீளலாம். (240 முதல் வருவன நான்கெண் தொகுதிகள், அவை நமக்கு இங்கு வேண்டா.)

நம் அகரத்தின் எண் 2949. இதே கணக்கால் அது 224, 174, 133 ஆகும். தமிழ் எழுத்து எதுவாயினும் 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். விங்டிங்ஸ் அம்பின் எண்ணும் சிம்பல் அம்பின் எண்ணும் இவையே என்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். தற்செயல்தான், ஆயினும் சுவையான தற்செயல்.

யூடிஎப்-8இல் எழுதியதைப் பழைய மேலைக் குறிமுறையில் படித்தால் ஒரே அம்பு மூன்று குறிகளாகச் சிதறும்: கூரை தாங்கிய 'ஏ', ஒரு குத்துவாள் குறி, ஒரு மேற்கோள் குறி. இணையத்தில் இம்மூன்றும் சேர்ந்து நிற்கக் கண்டால், அங்கே ஒரு வலவம்பு இருந்தது என்று ஐயமின்றிக் கூறலாம். இச்சிதைவு மீட்கத்தக்கது, எண்கள் அழியவில்லை, படித்த முறைதான் தவறு. முன்னர்க் கூறிய வேடச் சிதைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

திரையில் தோன்றும் முறை

எண் சரியாக வந்து சேர்ந்தபின் வடிவு தேட வேண்டும். எழுத்துருக் கோப்பினுள் எந்த எண்ணுக்கு எந்த வடிவு என்னும் அட்டவணை ஒன்று உண்டு. வடிவுகள் வளைகோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும்; கணிப்பொறி அவற்றை வேண்டிய அளவுக்குப் பெருக்கிப் புள்ளிகளாக நிரப்பும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அம்பு இராது. அந்நிலையில் கணிப்பொறி வேறோர் எழுத்துருவிலிருந்து அம்பைக் கடன் வாங்கும். எதிலும் கிடையாவிடில் வெற்றுக் கட்டம் ஒன்றை இடும். தமிழ் வரியின் நடுவே அம்பு மட்டும் மெலிந்தோ உயர்ந்தோ தோன்றுவது கடன் வாங்கியதன் அடையாளமே, பிழை அன்று. கட்டம் தோன்றுவதும் உரையின் பிழையன்று. எண் உள்ளே இருக்கிறது. எழுத்துரு வந்ததும் அம்பு தெரியும்.

கைப்பேசியில் இன்னொரு வேறுபாட்டைக் காணலாம். சில அம்புகள் நீலக் கட்டத்துள் வெண்ணிறமாக, சாலைக் குறி போலத் தோன்றும். 8596 என்னும் இருதலை அம்பும், 10145 என்னும் தடித்த வலவம்பும் இத்தகையவை. அவற்றை உணர்ச்சிப் படங்களின் வரிசையிலும் சேர்த்துவிட்டமையே காரணம். எளிய வலவம்பாகிய 8594 அவ்வரிசையில் இல்லை. அது எங்கும் எழுத்துப் போலவே அடக்கமாக நிற்கும். ஆய்வுக் கட்டுரைக்கு அதனையே கொள்ளுதல் நலம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரல் எழுதுவோர்க்கென அமைந்த சில எழுத்துருக்களில் '->' என இட்டால் திரையில் ஒரே அம்பு தெரியும். உரையில் இருப்பன இரு குறிகளே. எழுத்துரு அவற்றைச் சேர்த்துக் காட்டுகிறது. இதனைக் கண்டு வியப்பவர், தாம் நாள்தோறும் எழுதும் 'கொ' என்பதை நோக்கலாம். கணிப்பொறியில் ககரத்தின் எண்ணும் அதன்பின் ஒகரக் குறியின் எண்ணும் மட்டுமே உள்ளன. ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரித்து வைப்பது காட்சியின் வேலை.

திசை மாறும் வரிகள்

இதுவரை கூறியவற்றில் அம்பு காணாமற்போயிற்று, அல்லது வேறொன்றாயிற்று. அம்பு அம்பாகவே இருந்து, சொற்களும் பிழையின்றி இருந்து, பொருள் மட்டும் தலைகீழாவது உண்டு. அரபு எழுத்துகளைத் தமிழுடன் சேர்த்து எழுதும் கட்டுரைகளில் இது நேர்கிறது. அரபுத்தமிழ் நூல்களிலிருந்து சொற்களை அவ்வெழுத்திலேயே எடுத்துக்காட்டுவோர்க்கும், தமிழில் வழங்கும் வசூல், பாக்கி, வக்கீல் முதலிய சொற்களின் வரலாற்றை ஆய்வோர்க்கும் இது வேண்டற்பாலது.

அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. நினைவகத்தில் எழுத்துகள் படிக்கும் வரிசையிலேயே இருக்கும். திரையில்தான் திசை மாற்றம். இம்மாற்றத்துக்கு ஒருங்குறியில் விரிவான விதிகள் உள்ளன. அடைப்புக்குறிகளும் '<', '>' ஆகியவையும் வலமிருந்து இடமாகச் செல்லும் பகுதியில் கண்ணாடியில் தோன்றுவது போலத் திரும்பிக்கொள்ளும். ஆதலின் 'தொடங்கும் அடைப்பு' என்றும் தொடங்கும் அடைப்பாகவே விளங்கும். அம்புகள் திரும்புவதில்லை. வலம் நோக்குவது என்பதே வலவம்பின் பெயரும் பொருளும். திருப்பினால் அது வேறொரு குறியாகிவிடும் என்பது இவ்விதிக்குரிய காரணம் எனலாம்.

விளைவு யாதெனில், 'வஸல' என்னும் அரபு வினை, அடுத்து வலவம்பு, அடுத்து 'வுஸூல்' என்னும் அரபுத் தொழிற்பெயர், மீண்டும் வலவம்பு, இறுதியில் தமிழ் 'வசூல்' என்று ஒருவர் தட்டச்சிடுகிறார் எனக் கொள்வோம். முதல் இரு சொற்களையும் அரபு எழுத்தில் இடுகிறார். இரண்டும் அடுத்தடுத்த அரபுச் சொற்களாகையால், இடையிலுள்ள அம்புடன் சேர்ந்து ஒரே அரபுத் தொடராகக் கணிப்பொறி கொள்ளும். அத்தொடரை வலமிருந்து இடமாக அடுக்கும். திரையில் இடக்கோடியில் 'வுஸூல்', அடுத்து அம்பு, அடுத்து 'வஸல', அதன்பின் இரண்டாம் அம்பும் தமிழ்ச் சொல்லும் நிற்கும். அம்பு திரும்பாமையால் தொழிற்பெயரிலிருந்து வினை பிறந்ததாகக் காட்டும். தமிழ் 'வசூல்' நேரே வினையிலிருந்து வந்ததாகவும் காட்டும்.

வினையிலிருந்து தொழிற்பெயர் பிறந்ததா, தொழிற்பெயரிலிருந்து வினை பிறந்ததா என்பது அரபு இலக்கணத்தில் பழைய வழக்கு. கூஃபா நகரத்து இலக்கணிகள் வினையே மூலம் என்றனர். பஸ்ரா நகரத்தார் தொழிற்பெயரே மூலம் என்றனர். கூஃபாக் கொள்கையை எழுத அமர்ந்தவரைக் கணிப்பொறி அவர் அறியாமலே பஸ்ராவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்துவோர் இதனைக் கண்டுபிடித்தல் அரிது. பிழை எந்தச் சொல்லிலும் இல்லை.

'>' குறியை இட்டிருந்தால் அது திரும்பிக்கொண்டு அவ்விரு அரபுச் சொற்களுக்கு இடையேனும் பொருளைக் காத்திருக்கும். அம்பே வேண்டுமெனில், அம்பை அடுத்து 8206 என்னும் எண்ணுடைய, கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியை இட வேண்டும். 'இவ்விடத்து உரை இடமிருந்து வலமாகச் செல்கிறது' என்று கணிப்பொறிக்குச் சொல்வது அதன் பணி. தமிழ்ப் பத்தியின் நடுவே அஃது இருந்தால் இரண்டு அரபுச் சொற்களும் ஒரு தொடராகச் சேராமல் தனித்தனியே நிற்கும். அம்பும் நாம் எண்ணிய திசையில் அமையும்.

கைக்கொள்ளத்தக்க முறை

வேர்டு மென்பொருளில் 2192 என்று எண்ணை இட்டு, உடனே 'ஆல்ட்' விசையுடன் 'எக்ஸ்' எழுத்தை அழுத்தினால் உரிய அம்பு வரும். முன்பே உள்ள அம்பை ஆராயவும் இதுவே வழி: அம்பின் வலப்பக்கத்தில் சுட்டியை நிறுத்தி அவ்விசைகளை அழுத்தினால் அதன் எண் வெளிப்படும். 2192 வந்தால் அது மெய்யான அம்பு. வேறெண் வந்தாலோ எண்ணே வாராவிட்டாலோ அது வேடமிட்டது என ஐயுற்று மாற்றிவிடலாம். தானே மாற்றும் வசதியால் சிறுகோடுகளிலிருந்து உண்டான அம்புகளை இவ்வாறு ஒருமுறை சோதித்தல் இன்றியமையாதது. ஓர் ஆய்வேட்டில் நான்கு வகை அம்புகளை அழகு கருதிக் கலந்து எழுதுவதும் தவிர்க்கத்தக்கது. கணிப்பொறிக்கு அவை நான்கு வெவ்வேறு எழுத்துகள். ஒன்றைத் தேடினால் மற்றவை அகப்படா.

பல்கலைக்கழகங்கள் இப்போது ஆய்வேட்டின் மின்படியையும் பெற்று, 'ஷோத்கங்கா' என்னும் தேசியக் களஞ்சியத்தில் சேர்க்கின்றன. அங்குச் செல்லும் கோப்பில் பக்கத்தின் தோற்றம் அப்படியே காக்கப்படும். வேடமிட்ட எழுத்துருவில் எழுதியதும் திரையில் குறைவின்றித் தோன்றும். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போதுதான் உள்ளே இருப்பது தெரியவரும். ஒப்படைக்குமுன் மாணவர் தாமே அவ்வாறு ஒரு பத்தியை ஒட்டிப் பார்த்தல் நலம். பின்பு மெய்யான அம்பைத் தேடுபெட்டியில் இட்டு எத்தனை இடங்களில் அகப்படுகிறது என்று எண்ணி, கைப்படியிலுள்ள அம்புகளின் தொகையோடு ஒப்பிட வேண்டும். எத்தனை குறைகிறதோ அத்தனை இடங்களையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அரபு எழுத்துள்ள பக்கங்களைத் தொகை சரியாக இருந்தாலும் பார்த்தாக வேண்டும்.